ராக்ஸ்ஹோம் நடுவான் மோதல், 1941

ராக்ஸ்ஹோம் நடுவான் மோதல் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 டிசம்பர் 11 அன்று, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் நிகழ்ந்த ஒரு பயிற்சிப் பறப்பு விபத்தாகும். கனடா அரச வான்படையைச் சேர்ந்த ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானமும், பிரித்தானிய அரச வான்படையைச் சேர்ந்த ஓர் ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானமும் ராக்ஸ்ஹோம் என்னும் சிற்றூருக்கு மேலே மோதிக்கொண்டன. இரண்டையும் ஓட்டியவர்கள் உயிரிழந்தனர். இருவருக்கும் வயது 19.

அவர்களுள் ஒருவர் ஜான் கில்லெஸ்பி மகீ. ஆங்கிலத்தில் பறத்தலைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளுள் மிகவும் புகழ்பெற்ற "ஹை ஃப்ளைட்" (உயரப் பறத்தல்) என்பதை எழுதியவர் அவரே. மற்றவர் ஏர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின். பறக்கக் கற்றுக்கொண்டிருந்த மாணவ விமானி. எதிரி ஒருவரும் அருகில் இல்லாத வானத்தில், பகல் பதினொன்றரை மணி அளவில், இந்த இருவரும் ஏன் இறந்தனர் என்பதையும், போர்க்காலப் பயிற்சி எத்தனை உயிர்களை விலையாகக் கொண்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

போர்க்கால விமானிப் பயிற்சி

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது பிரித்தானியாவின் பெருங்கவலைகளுள் ஒன்று, விமானங்களை ஓட்ட ஆட்கள் போதாமை. தொழிற்சாலையில் ஒரு விமானத்தைச் சில வாரங்களில் செய்துவிடலாம். ஒரு விமானியை உருவாக்க ஓராண்டு ஆகும். ஆகவே 1939 டிசம்பர் 17 அன்று பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எதிரி விமானங்கள் எட்ட முடியாத கனடாவின் பரந்த வெளிகளில் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. போர் முடிவதற்குள் இத்திட்டத்தின்கீழ் கனடாவில் 1,31,553 வான்படையினர் பயிற்சி முடித்து வெளியேறினர்.

பயிற்சி பல படிகளைக் கொண்டது. முதற்படியில் மாணவர் எளிய இரட்டை இறக்கை விமானத்தில் பறக்கக் கற்பார். இரண்டாம் படியில் வேகமும் எடையும் கூடிய விமானத்துக்கு மாறுவார். இப்படியின் முடிவில் சட்டையில் அணியும் "சிறகுகள்" என்னும் விமானிச் சின்னம் வழங்கப்படும். அதன் பிறகும் அவர் போருக்கு ஆயத்தமாகிவிடமாட்டார். செயற்பாட்டுப் பயிற்சிப் பிரிவு என்னும் மூன்றாம் படியில், தாம் போரில் ஓட்டப்போகும் அதே வகை விமானத்தில் பழக வேண்டும். படையணியில் சேர்ந்த பின்னரும் அணிவகுத்துப் பறத்தல், வான்சண்டை உத்திகள், மேகத்தில் பறத்தல் ஆகியவற்றில் பயிற்சி தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ராக்ஸ்ஹோம் விபத்தில் இறந்த இருவரும் இந்த ஏணியின் வெவ்வேறு படிகளில் நின்றவர்கள். கிரிஃபின் இரட்டை எஞ்சின் விமானத்தில் பழகிக்கொண்டிருந்த மாணவர். மகீ சிறகுகள் பெற்று, படையணியில் சேர்ந்து, ஒருமுறை எதிரியையும் சந்தித்துவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்.

இரண்டு விமானங்கள்

மகீ ஓட்டியது ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் வகை. ஒரே எஞ்சின், ஒரே இருக்கை. மணிக்கு 590 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் எடுக்கக்கூடியது. எஞ்சின் விமானியின் முன்னால் நீண்டு இருப்பதால், அதன் மூக்கு முன்புறக் காட்சியில் ஒரு பகுதியை மறைக்கும். அகன்ற இறக்கைகள் கீழ்ப்புறக் காட்சியை மறைக்கும்.

கிரிஃபின் ஓட்டியது ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு. 1937இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. இரண்டு எஞ்சின்கள் கொண்டது. வேகத்தில் ஸ்பிட்ஃபயரில் பாதியளவே செல்லும். விமானிகள், வழிகாட்டிகள், துப்பாக்கி வீரர்கள் எனப் பலரும் இதில்தான் பழகினர். 8,500க்கும் மேற்பட்ட ஆக்ஸ்ஃபோர்டுகள் கட்டப்பட்டன. போரைப் பற்றிய திரைப்படங்களில் இதற்கு இடமில்லை. ஆனால் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய மிகப் பலர் தம் முதல் இரட்டை எஞ்சின் பாடத்தை இதில்தான் படித்தனர்.

யார் இந்த மகீ?

ஜான் கில்லெஸ்பி மகீ 1922 ஜூன் 9 அன்று சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். இருவரும் கிறித்தவ மறைப்பணியாளர்கள். தந்தையின் பெயரும் ஜான் மகீதான். வரலாறு அவரையும் மறக்கவில்லை. 1937இல் ஜப்பானியப் படை நான்ஜிங் நகரைக் கைப்பற்றிப் பொதுமக்களைக் கொன்று குவித்தபோது, அங்கேயே தங்கியிருந்து அகதிகளுக்கு உதவியவர் அவர். கொடுமைகளைத் தம் 16 மில்லிமீட்டர் படக்கருவியில் பதிவு செய்தார். போருக்குப் பின் டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் சாட்சியும் அளித்தார்.

மகன் தொடக்கக் கல்வியை நான்ஜிங்கில் பெற்று, பின் இங்கிலாந்து சென்றார். 1935 முதல் 1939 வரை ரக்பி பள்ளியில் படித்தார். 1939இல் அப்பள்ளியின் கவிதைப் பரிசைப் பெற்றார். முதல் உலகப் போரின்போது உயிரிழந்த கவிஞர் ரூபர்ட் புரூக் முன்பு பெற்ற பரிசு அது. மகீ மிகவும் போற்றிய கவிஞரும் அவரே.

1939 கோடையில் உறவினர்களைக் காண அமெரிக்கா சென்ற மகீ, போர் தொடங்கியதால் ரக்பிக்குத் திரும்ப முடியவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தார். யேல் பல்கலைக்கழகம் உதவித்தொகையுடன் இடம் தந்தது. அவர் அங்கே சேரவில்லை. 1940 அக்டோபரில் கனடா அரச வான்படையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. ஆகவே போரிட விரும்பிய ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் எல்லை தாண்டிக் கனடாவில் சேர்ந்தனர். மகீயும் அவர்களுள் ஒருவர்.

1941 ஜூனில் அவருக்குச் சிறகுகள் கிடைத்தன. உடனே பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டார். வேல்ஸ் நாட்டின் லாண்டவ் தளத்தில் இருந்த 53ஆம் செயற்பாட்டுப் பயிற்சிப் பிரிவில் ஸ்பிட்ஃபயர் ஓட்டப் பழகினார். அந்த ஆகஸ்டு மாதம் ஒருநாள் 33,000 அடி உயரம், அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்பினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே "ஹை ஃப்ளைட்". பதினான்கு அடிகள் கொண்ட அக்கவிதையை, செப்டம்பர் 3ஆம் நாளிட்ட மடலில் எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினார்.

அதே மாதம் லிங்கன்ஷயரில் இருந்த 412ஆம் படையணியில் சேர்ந்தார். நவம்பர் 8 அன்று, பிரான்சின் லீல் நகர்மீது குண்டு வீசச் சென்ற விமானங்களுக்குக் காவலாகச் சென்றார். அன்று அவருடன் நால்வராகப் பறந்த அணியில் அவர் ஒருவரே திரும்பி வந்தார். எதிரியின் குண்டுகளுக்குத் தப்பியவர், ஒரு மாதம் கழித்துத் தம் தளத்தின் அருகிலேயே உயிரிழந்தார்.

டிசம்பர் 11: என்ன நடந்தது?

412ஆம் படையணி அப்போது டிக்பி வான்தளத்தின் துணைத் தளமான வெல்லிங்கோரிலிருந்து இயங்கியது. அன்று முற்பகலில் மகீயும் அவருடைய படையணியினரும் வான்சண்டை உத்திகளைப் பயிற்சி செய்யப் புறப்பட்டனர். எண் ஏடி291, அடையாள எழுத்துகள் விஇசட்-ஹெச் கொண்ட ஸ்பிட்ஃபயரில் மகீ பறந்தார்.

பயிற்சி முடிந்து கீழிறங்க வேண்டிய நேரம். கீழே மேகப்படலம் விரிந்திருந்தது. அதில் ஓர் இடைவெளி தெரிந்தது. மகீயும் வேறு மூன்று ஸ்பிட்ஃபயர்களும் அதன் வழியாக வேகமாகக் கீழே இறங்கினர். அதே நேரத்தில், கிரான்வெல் தளத்தின் டி1052 எண் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு, மேகத்துக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது. மேகத்தின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து சுமார் 1,400 அடி உயரத்தில், இரண்டும் மோதின.

வயலிலிருந்து பார்த்த உழவர் ஒருவர் பின்னர் அளித்த சாட்சியத்தின்படி, ஸ்பிட்ஃபயர் விமானி மேல்மூடியைத் தள்ளித் திறக்கப் போராடினார். பிறகு எழுந்து நின்று வெளியே குதித்தார். ஆனால் வான்குடை விரிவதற்குப் போதிய உயரம் இல்லை. தரையில் மோதிய கணமே அவர் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டும் வீழ்ந்தது. கிரிஃபினும் பிழைக்கவில்லை.

ஏன் மோதின?

இவ்விபத்தை ஒரே ஒருவரின் தவறு என்று சொல்லிவிட முடியாது. பல காரணங்கள் ஒரே இடத்தில் சந்தித்தன.

முதலாவது, நெரிசல். லிங்கன்ஷயர் சமவெளி. ஜெர்மனியை நோக்கிய கிழக்குக் கரையில் அமைந்தது. ஆகவே வான்தளங்கள் நெருக்கமாக அமைக்கப்பட்டன. போர் முடிவதற்குள் அந்த ஒரு மாவட்டத்திலேயே ஏறத்தாழ 50 தளங்கள் இருந்தன. மாணவர்கள் பழகிய கிரான்வெல்லும், போர் விமானங்கள் இயங்கிய டிக்பியும் சில கிலோமீட்டர் இடைவெளியிலேயே இருந்தன. ராக்ஸ்ஹோம் அவ்விரண்டுக்கும் இடையில் உள்ள ஊர். வேகமான விமானங்களும் மெதுவான விமானங்களும், தேர்ந்தவர்களும் கற்பவர்களும் ஒரே வானத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இரண்டாவது, பார்த்து விலகுதல் என்னும் முறையின் குறைபாடு. இன்று வணிக விமானங்களைத் தரையிலுள்ள ரேடார் கண்காணிக்கிறது. மோதும் வாய்ப்பை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியும் விமானத்திலேயே உண்டு. 1941இல் இவ்வாறான பயிற்சிப் பறப்புகளில் விமானியின் கண்ணே காவல். மேகம் அந்தக் கண்ணை மறைத்துவிட்டது.

இதை மாணவர்கள் ஓர் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். எதிரே ஒரு விமானம் இருப்பதைக் கண்டு, அது மோதக்கூடும் என உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் தன் பாதையை மாற்றுவதற்கு 12.5 விநாடிகள் ஆகும் என்று அமெரிக்க வான்போக்குவரத்துத் துறையின் வழிகாட்டு ஏடு கணக்கிடுகிறது. மேகத்திலிருந்து இறங்கும் ஒரு விமானத்தின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டர் என வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 133 மீட்டர். 12.5 விநாடிகளில் அது கடக்கும் தூரம் 1,660 மீட்டருக்கும் அதிகம். அதாவது, விலகித் தப்ப வேண்டுமானால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முன்பே மற்ற விமானத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராக்ஸ்ஹோம் மோதலோ மேகத்தின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே நிகழ்ந்தது. மேகத்தை விட்டு வெளிவந்த பின் பார்க்கவும் விலகவும் அவகாசமே இல்லை.

மூன்றாவது, கண்ணின் இயல்பு. மோதும் பாதையில் வரும் ஒரு பொருள், நம் பார்வையில் ஒரே இடத்தில் நிலையாக நிற்பதுபோல் தோன்றும். நெடுஞ்சாலைச் சந்திப்பை நோக்கி நாம் செல்லும்போது, குறுக்குச் சாலையில் வரும் லாரி நம் முகப்புக் கண்ணாடியில் இடம் மாறாமல் தெரிந்தால், நாமும் அதுவும் ஒரே நேரத்தில் சந்திப்பை அடையப்போகிறோம் என்று பொருள். கண் அசைவதை விரைவில் கவனிக்கும், அசையாததைத் தவறவிடும். மோதப்போகும் விமானம் கடைசிச் சில விநாடிகள் வரை சிறு புள்ளியாகவே இருந்து, பிறகு திடீரென்று பெரிதாகும்.

ஏன் தப்ப முடியவில்லை?

மோதிய பின் மகீ தப்ப முயன்றார் என்பது சாட்சியத்திலிருந்து தெரிகிறது. அவர் செய்ய வேண்டியிருந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். சிதைந்து வீழும் விமானத்தில் மேல்மூடியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இருக்கை வார்களை அவிழ்க்க வேண்டும். எழுந்து வெளியேற வேண்டும். விமானத்தின் வால் தம்மீது மோதாதபடி விலக வேண்டும். பிறகு கையால் இழுத்து வான்குடையைத் திறக்க வேண்டும். திறந்த குடை காற்றை நிரப்பிக்கொண்டு வேகத்தைக் குறைக்க மேலும் சில விநாடிகள் வேண்டும்.

1,400 அடி என்பது ஏறத்தாழ 427 மீட்டர். ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருள் அத்தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தை, பள்ளி இயற்பியலில் படிக்கும் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால் 9.3 விநாடிகள் வரும். அவரது விமானமோ ஏற்கெனவே கீழ்நோக்கி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே உண்மையில் கிடைத்த நேரம் அதைவிடக் குறைவு. அந்தச் சில விநாடிகளுக்குள் அவர் எழுந்து குதிக்கும் அளவு செயல்பட்டார் என்பதே வியப்புக்குரியது. இன்றைய போர் விமானங்களில் உள்ள வெளித்தள்ளும் இருக்கை இத்தகைய இக்கட்டுகளுக்காகவே பின்னர் உருவாக்கப்பட்டது. ஒரு பிடியை இழுத்தால் மூடி அகன்று, இருக்கையோடு விமானி வெளியே வீசப்பட்டு, குடை தானே விரிந்துவிடும்.

கவிதையின் பயணம்

மகீ இறந்த நாளுக்கு நான்கு நாட்களுக்கு முன்தான் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியிருந்தது. அவர் இறந்த அதே டிசம்பர் 11 அன்று ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவித்தது. போரில் புதிதாக நுழைந்திருந்த நாட்டில், அதற்கு முன்பே தன்னார்வத்தோடு சென்று உயிரிழந்த ஓர் இளைஞரின் கவிதை மக்கள் மனத்தைத் தொட்டது. தந்தை அப்போது வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தில் பணியாற்றிவந்தார். அங்கிருந்து கவிதை செய்தித்தாள்களுக்குப் பரவியது. 1942இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்திய கண்காட்சி ஒன்றில் அதுவும் இடம்பெற்றது. நூலகத்தின் தலைவராக இருந்தவர் கவிஞர் ஆர்ச்சிபால்டு மெக்லீஷ். கையெழுத்துப் படி இன்றும் அந்நூலகத்தில் உள்ளது.

விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் 1966இல் ஜெமினி 10 பயணத்தின்போது இக்கவிதையின் படி ஒன்றை உடன் கொண்டுசென்றார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் பல, நள்ளிரவில் ஒளிபரப்பை முடிக்கும்போது இதை ஒலிபரப்பின. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து எழுவர் இறந்தபோது, அதிபர் ரொனால்டு ரீகன் அன்று மாலை ஆற்றிய இரங்கல் உரையை இக்கவிதையின் சொற்களால் முடித்தார். அதன் பிறகு கவிதை உலகெங்கும் அறியப்பட்டது.

பயிற்சியின் விலை

கிரிஃபினுக்கு இப்படி ஒரு கவிதை இல்லை. அவரைப் பற்றிப் பெரும்பாலான நூல்களில் இருப்பது ஒரே ஒரு வரிதான்: மகீயின் விமானம் மோதிய மற்ற விமானத்தை ஓட்டியவர். ஆனால் போர்க்காலப் பயிற்சியில் இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிரிஃபினைப் போன்றவர்களே. கனடாவில் நடந்த பயிற்சித் திட்டத்தில் 856 மாணவர்கள் உயிரிழந்தனர். தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், 150 பேருக்கு ஏறத்தாழ ஒருவர். அமெரிக்க இராணுவ வான்படை, எதிரி விமானம் ஒன்றுகூட வராத தன் சொந்த நாட்டுக்குள்ளேயே விமான விபத்துகளில் ஏறத்தாழ 15,000 பேரை இழந்தது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் ஆயிரக்கணக்கானோர் எதிரி நாட்டைக் காணாமலே பயிற்சிப் பறப்புகளில் மாண்டவர்கள்.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று கொள்வது பொருந்தாது. ஓராண்டுக்கு முன்புவரை மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள், அக்காலத்தின் மிக வேகமான இயந்திரங்களைக் கையாளக் கற்றனர். மோசமான வானிலையில் பறக்காவிட்டால் மோசமான வானிலையில் போரிட இயலாது. ஆனால் அவ்வாறு பறந்தபோது அவர்களைக் காக்கப் போதிய கருவிகளோ, வானத்தைப் பங்கிட்டுத் தரும் முறையோ இல்லை. போர் அவசரப்படுத்தியது. ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த அவசரத்துக்குள்ளேயே இயங்கினர்.

பின்னாளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு முறை வளர்ந்தது. விமானங்கள் ஒன்றையொன்று தாமாகவே அறிந்து எச்சரிக்கும் கருவி 1993இன் இறுதிக்குள் அமெரிக்காவின் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. இவை எல்லாம், கண்ணை மட்டும் நம்பினால் போதாது என்பதைப் பல மோதல்கள் காட்டிய பிறகே வந்தவை.

நினைவு

மகீ லிங்கன்ஷயரின் ஸ்காப்விக் சிற்றூர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லில் "ஹை ஃப்ளைட்" கவிதையின் முதலடியும் ஈற்றடியும் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே அவரைச் சுற்றி டிக்பி தளத்திலிருந்து பறந்து மாண்ட வேறு பல இளம் விமானிகளும் உறங்குகின்றனர். பார்வையாளர்கள் பெரும்பாலும் ஒரு கல்லைத் தேடி வருகிறார்கள். அதற்கு இருபுறமும் உள்ள கற்களில் செதுக்கப்பட்ட வயதுகளையும் படித்துப் பார்ப்பவர்களுக்கு, போர்க்காலப் பயிற்சி யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது விளங்கும்.